வடிகட்டியும் ரவுட்டரும் சந்திக்கும் இடம்

விழுப்புரத்தை ஒட்டிய காணை ஒன்றியத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் கணினி லேபை எடுத்துக்கொள்வோம். ஃபைபர் வந்து இறங்கும் சுவர்ப் பெட்டி ஒரு கம்பெனியுடையது. அதிலிருந்து கேபிள் இழுத்து மாட்டிய ரவுட்டர், விழுப்புரம் கடையில் வாங்கிய இன்னொரு கம்பெனி. ஸ்விட்ச் மூன்றாவது. கணினிகள் டெண்டரில் வந்தவை, அவற்றுக்குப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் தனி. இந்தக் கூட்டத்துக்குள் ஐந்தாவது ஆளாக வந்து சேர வேண்டியது, பிள்ளைகள் பார்க்கக் கூடாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி மென்பொருள். அது யாரோடு பேசும், எந்த மொழியில் பேசும், பேச்சு அறுந்தால் என்ன ஆகும் என்பவற்றுக்குக் கொள்முதல் கோப்பில் பெரும்பாலும் பதில் இருக்காது.

வடிகட்டி என்றதும் எல்லோருக்கும் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. சூதாட்டம், ஆபாசம், வன்முறை என்று எத்தனை வகை, எத்தனை லட்சம் தளங்கள் என்றுதான் விற்பனையாளரும் சொல்கிறார். பட்டியல் பாதி வேலைதான். வழியில் போகும் பாக்கெட்டைக் கண்ணால் பார்ப்பது ஒரு கருவி, அதை விடலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது வேறொருவர் எழுதிய மென்பொருள். பார்க்கும் கருவிக்குத் தெரியாத எதையும் தீர்ப்புச் சொல்லும் மென்பொருளால் தடுக்க முடியாது. தீர்ப்பு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், வெட்டும் கத்தி கருவியின் கையில் இருக்கிறது. நம் நாட்டில் இணையத் தடை சொதப்பிய பெரிய சம்பவங்களைப் புரட்டினால், பல நேரம் பட்டியல் சரியாகவே இருந்திருக்கிறது. பட்டியலும் கருவியும் சந்திக்கும் இடத்தில்தான் கோளாறு.

இந்தச் சந்திப்பை அமைக்கக் காலப்போக்கில் சில வழிகள் உருவாயின. முதல் வழி, கருவி நின்று கேட்பது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வெப்சென்ஸ் மென்பொருளை சிஸ்கோவின் பிக்ஸ் ஃபயர்வாலோடு இணைத்தது இப்படித்தான். மாணவன் ஒரு முகவரியைத் தட்டினால் ஃபயர்வால் அதை வெப்சென்ஸ் சர்வருக்கு அனுப்பி, "விடவா?" என்று கேட்கும். செக்பாய்ண்ட் நிறுவனம் 1997இல் ஆப்செக் என்ற பெயரில் இதற்கென ஒரு திறந்த ஏற்பாட்டையே அறிவித்து, பிற கம்பெனிகளின் வடிகட்டிகளைத் தன் ஃபயர்வாலோடு பேச அழைத்தது. 2003 ஏப்ரலில் ஆர்எஃப்சி 3507 என்ற எண்ணில் வெளியான ஐகேப் நெறிமுறை இதே யோசனையைப் பொதுவாக்கியது. கணினிகளுக்காக நடுவில் நின்று இணையப் பக்கங்களை வாங்கித் தரும் ப்ராக்ஸி எந்தக் கம்பெனியாக இருந்தாலும், வடிகட்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும், 1344 என்ற போர்ட்டில் இரண்டும் பேசிக்கொள்ளலாம். இலவச மென்பொருளான ஸ்குவிட் ப்ராக்ஸியும் பிறகு ஐகேப் கற்றுக்கொண்டது.

இரண்டாவது வழி, கருவி கேட்காமல் திருப்பிவிடுவது. சிஸ்கோவின் டபிள்யூசிசிபி நெறிமுறையில் ரவுட்டர் இணையப் போக்குவரத்தை அப்படியே வடிகட்டிப் பெட்டிக்குள் தள்ளிவிடும். மிச்சத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, வடிகட்டியே நடுவில் உட்கார்ந்துவிடுவது. அகமதாபாத்தில் பிறந்து 2014இல் சோஃபோஸ் கைக்குப் போன சைபரோம் போன்ற பெட்டிகள் ஃபயர்வால், வடிகட்டி, பயனர் அடையாளம் எல்லாவற்றையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து, சந்திப்பு என்ற பிரச்சினையையே ஒழித்ததாகச் சொல்லிக்கொண்டன. பொறியியல் கல்லூரிகளுக்கு அது வசதி. ஆனால் அதற்கு ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டும். பணம் கட்டாத ஆண்டு, பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வகைப்பட்டியல் பழையதாகிக்கொண்டே போகும். நான்காவது வழி டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றிச் சொல்லும் சேவை. அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன், காணைக்கு அதுதான் முக்கியம்.

முதல் வழியில் ஒரு சின்ன இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பிக்ஸ் ஃபயர்வாலில் வடிகட்டலைத் தொடங்கிவைத்தது ஒரு வரி ஆணைதான். அந்த வரியின் கடைசியில் "அலவ்" என்று ஒரு சொல் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். சேர்த்தால், வெப்சென்ஸ் சர்வர் பதில் சொல்லாதபோது எல்லாத் தளங்களும் திறந்துவிடும். சேர்க்காவிட்டால், சர்வர் படுத்த நொடியில் வெளியே போகும் வலைத்தளப் போக்குவரத்து மொத்தமும் நின்றுவிடும். ஸ்குவிட்டின் ஐகேப் அமைப்பிலும் இதே கேள்வி "பைபாஸ்" என்ற பெயரில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கொள்கையையே தீர்மானிக்கும் இந்தச் சொல்லை, எங்கும் வழக்கத்தில், மாலை ஆறு மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு கிளம்ப நினைக்கும் டெக்னீஷியன்தான் தட்டுகிறார். மின்வெட்டும் புயலும் பழகிப்போன மாவட்டத்தில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் மின்சாரமும் லைனும் துண்டு துண்டாகத்தான் திரும்பி வரும். லேபில் இணையம் வந்து, எங்கோ சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் வடிகட்டி சர்வர் மட்டும் எட்டாத சில மணி நேரத்தில் பள்ளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தலைமை ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். என் கருத்தில் பள்ளிக்கு மூடுவதே சரி, மருத்துவமனைக்குத் திறப்பதே சரி.

கத்தியின் பருமன் பற்றிய கதை இந்தியாவில் 2003இல் தொடங்குகிறது. மேகாலயத்தின் ஒரு தீவிரவாத அமைப்போடு தொடர்புடைய "கின்ஹுன்" என்ற யாஹூ குழுவைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவிட்டது. மொத்தமே இருபத்தைந்து பேர் அளவில் இருந்த குழு. இணையச் சேவை நிறுவனங்களின் கருவிகளுக்கு ஒரு தளத்துக்குள் இருக்கும் ஒரு மூலையை மட்டும் பிரித்தறியத் தெரியவில்லை. யாஹூ குழுக்கள் அத்தனையும் நாடு முழுவதும் போயின. 2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்தைய நாட்களில், சில பக்கங்களைத் தடுக்கச் சொன்ன உத்தரவு இதே வழியில் போய் பிளாக்ஸ்பாட் முழுவதையும் விழுங்கியது. அன்று தமிழில் எழுதிக்கொண்டிருந்த வலைப்பதிவர்களில் பலர் பிளாக்ஸ்பாட்டில்தான் இருந்தார்கள். தங்கள் பதிவைத் தாங்களே பார்க்க ப்ராக்ஸி தேடி அலைந்தார்கள்.

மூன்றாவது கதை நம் உயர் நீதிமன்றத்துடையது. 2012 மார்ச் இறுதியில் வெளியான "3" படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க, பெயர் தெரியாத எதிர்மனுதாரர்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெறப்பட்டது. மே மாதத்தில் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின், பைரேட் பே என்று முழுத் தளங்களையே மூடின. கோபத்தில் அனானிமஸ் என்ற ஹேக்கர் குழுவினர் இந்தியத் தளங்களைத் தாக்கினார்கள். ஜூன் 22 அன்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: தடை, படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே, முழுத் தளத்துக்கு இல்லை. மனுதாரர் முகவரியைத் தர வேண்டும், நிறுவனங்கள் 48 மணி நேரத்துக்குள் அதைத் தடுக்க வேண்டும். சட்டப்படி நல்ல தெளிவுதான். ஆனால் முழு முகவரியைக் கருவி பார்க்க முடிந்தால்தானே அது நடக்கும்? 2017 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் இரு இந்திப் படங்களுக்காகக் கொடுத்த உத்தரவில் 2,600க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் அதில் சிக்கியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் தளங்கள் பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தன. பூட்டுக்கு வெளியே நிற்கும் கருவிக்குத் தளத்தின் பெயர் தெரியும், பக்கம் தெரியாது.

பிரிட்டன் இதை நம்மைவிட நயமாகச் செய்யப் பார்த்தது. பிரிட்டிஷ் டெலிகாம் 2004இல் கொண்டுவந்த கிளீன்ஃபீட் ஏற்பாட்டில் இரண்டு கட்டம். ரவுட்டர் சந்தேகத்துக்குரிய ஐபி முகவரிகளை மட்டும் பிரித்து ப்ராக்ஸிக்கு அனுப்பும். ப்ராக்ஸி முழு முகவரியைப் பார்த்துத் தீர்மானிக்கும். பிற நிறுவனங்களும் இதே மாதிரி அமைத்தன. 2008 டிசம்பரில் விக்கிப்பீடியாவின் ஒரே ஒரு பக்கம் தடைப் பட்டியலில் ஏறியது. உடனே இந்த நிறுவனங்களிலிருந்து விக்கிப்பீடியாவுக்குப் போகும் போக்குவரத்து முழுவதும் சில ப்ராக்ஸிகள் வழியே போனது. விக்கிப்பீடியாவின் கண்ணுக்கு பிரிட்டன் மக்களில் பெரும்பகுதியினர் ஒரு சில ஐபி முகவரிகளிலிருந்து வருவதாகத் தெரிந்தது. குறும்பு செய்பவர் ஒருவரை நிறுத்தினால் லட்சக்கணக்கானவர்கள் நின்றுபோகும் நிலை. கணக்கு இல்லாமல் திருத்துவது பலருக்கும் தடைபட்டது. நான்கு நாளில் அந்தப் பக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நுணுக்கமான கத்தியை வைத்திருந்தும், அதை ரவுட்டரோடு சேர்த்துக் கட்டிய இடத்தில் யாரும் எதிர்பாராத காயம்.

பூட்டைத் திறந்தே பார்த்துவிடலாம் என்பது அடுத்த யோசனை. நடுவில் நிற்கும் பெட்டி, தானே கூகுள் என்றும் தானே வங்கி என்றும் போலிச் சான்றிதழ் காட்டி, எல்லாவற்றையும் பிரித்துப் படித்து, மறுபடி பூட்டி அனுப்பும். இதற்குப் பள்ளியின் ஒவ்வொரு கணினியிலும் பெட்டியின் சான்றிதழை நிறுவ வேண்டும். பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப் பிரிக்கும் பெட்டிகள் பலவும் தாங்கள் மறுபடி போடும் பூட்டைப் பழையதைவிடப் பலவீனமாகப் போடுகின்றன என்று காட்டியது. அதே ஆண்டு அமெரிக்க அரசின் கணினி அவசரப் பிரிவும் எச்சரித்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் மேரிலாந்தின் மான்ட்கோமரி மாவட்டப் பள்ளிகளில் நடந்தது இன்னும் பாடம். குரோம் 56 பதிப்பு டிஎல்எஸ் 1.3 என்ற புதிய பூட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. பள்ளிகளில் இருந்த புளூகோட் வடிகட்டிப் பெட்டிக்கு அது புரியவில்லை, இணைப்பை அறுத்துவிட்டது. மாணவர்களின் குரோம்புக்குகள் ஏராளமாக முடங்கின. கூகுள் தற்காலிகமாகப் புதிய பூட்டை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. பிரவுசர் ஒரு கம்பெனி, பெட்டி இன்னொரு கம்பெனி, இருவரும் தத்தம் வேலையைச் செய்தார்கள், வகுப்பு நின்றது.

அதற்குப் பிறகு பூட்டு இறுகிக்கொண்டேதான் போகிறது. 2018 ஆகஸ்டில் டிஎல்எஸ் 1.3 தரமானது, சான்றிதழையே மறைத்துவிட்டது. இணைப்பின் முதல் வணக்கத்தில் தெரியும் தளத்தின் பெயர் மட்டும் மிஞ்சியது. பெங்களூரின் இணையம் மற்றும் சமூக மையத்தின் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஜியோ அந்தப் பெயரை வைத்தே தடுக்கிறது. அதையும் மறைக்கும் முறை வந்துகொண்டிருக்கிறது. 2018 அக்டோபரில் டிஎன்எஸ் கேள்வியையே எச்டிடிபிஎஸ்ஸுக்குள் ஒளித்து அனுப்பும் நெறிமுறை தரமானது. 2021இல் குவிக் என்ற புதிய இணைப்பு நெறிமுறை தரமானது. டிசிபி 443ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பழைய வடிகட்டிகளின் முதுகுக்குப் பின்னால் அது யூடிபி 443 வழியாகப் போய்விடுகிறது. எனவே பல இடங்களில் வெளியே போகும் யூடிபி 443ஐ அடைத்துவிடுகிறார்கள்; பிரவுசர் சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பிவிடும்.

யார் பார்த்தார்கள் என்ற கேள்விக்கும் சந்திப்பு தேவை. கல்லூரிகளில் வைஃபை லாகின் ரேடியஸ் சர்வர் வழியாகப் போகிறது. அது "இந்த ஐபியில் இப்போது இன்னார்" என்று வடிகட்டிக்குச் சொல்லும். பள்ளி லேபில் எல்லாக் கணினியிலும் ஒரே பெயரில் ஒரே லாகின். ரவுட்டர் அத்தனையையும் ஒரே முகவரிக்குப் பின்னால் மறைத்துவிடுகிறது. ஆக, வடிகட்டியின் பதிவேட்டில் "பள்ளி" என்ற ஒரே ஆள்தான் இருப்பார். மத்திய அரசின் கணினி அவசரப் பிரிவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் கொடுத்த உத்தரவு, அரசு நிறுவனங்கள் உட்படப் பலரும் பதிவேடுகளை 180 நாட்கள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், கருவிகளின் கடிகாரத்தை அரசு நேர சர்வரோடு பொருத்த வேண்டும் என்கிறது. ரவுட்டரின் கடிகாரம் 1970இல் நின்றுகொண்டு, வடிகட்டியின் கடிகாரம் சரியாக ஓடினால், இரண்டு பதிவேட்டையும் சேர்த்துப் படிக்கவே முடியாது. இன்னொரு பக்கம், 2023இன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதையும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதையும் கட்டுப்படுத்துகிறது. பிள்ளை பிள்ளையாகப் பதிவு வைக்கத் தெரியாத காணை லேப், இந்த ஒரு விஷயத்தில் தற்செயலாக நல்ல நிலையில் இருக்கிறது. அதை அப்படியே விடுவது நல்லது.

இப்போது டிஎன்எஸ்ஸுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்தின் பொறுப்பில் நடக்கிறது. இத்தனை இடத்திலும் ஐகேப் பேசும் ப்ராக்ஸியை வைத்துப் பராமரிக்க ஆளில்லை. கடையில் வாங்கும் ரவுட்டரில் அந்த வசதியும் இல்லை. எல்லாக் கம்பெனிக் கருவிக்கும் தெரிந்த ஒரே பொதுமொழி டிஎன்எஸ்தான். ரவுட்டரின் அமைப்பில் டிஎன்எஸ் சர்வரைக் குறிக்கும் இரண்டு எண்ணை மாற்றினால் சந்திப்பு முடிந்தது. வாய்க்காலுக்கு வாய்க்கால் ஆள் நிறுத்துவதைவிட ஏரி மதகில் ஒருவரை நிறுத்துவது போன்றது இது. நுணுக்கம் கிடைக்காது, கைக்கு அடங்கும்.

அந்த இரண்டு எண்ணை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுபவர்கள்தான் அதிகம். முதலில், சுவர்ப் பெட்டியே ஒரு ரவுட்டர், அதற்கே ஒரு வைஃபை உண்டு. அதை அணைக்காவிட்டால் வடிகட்டி வைத்த ரவுட்டரைச் சுற்றிக்கொண்டு எந்த லேப்டாப்பும் வெளியே போகும். இரண்டாவது, பெட்டி ஐபிவி6 முகவரியோடு தன் டிஎன்எஸ்ஸையும் விநியோகித்தால், கணினி அதையே கேட்கும். நீங்கள் ஐபிவி4இல் எழுதிய எண் அங்கே சும்மா கிடக்கும். மூன்றாவது, வெளியே போகும் போர்ட் 53 கேள்விகளை எல்லாம் பள்ளியின் டிஎன்எஸ்ஸுக்கே திருப்ப வேண்டும். நான்காவது ஃபயர்ஃபாக்ஸ். அது ஒரு குறிப்பிட்ட சோதனைப் பெயரை வலையில் கேட்டுப் பார்க்கும். "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று பதில் வந்தால், இங்கே வடிகட்டி இருக்கிறது என்று புரிந்துகொண்டு, தானாகத் தொடங்கும் மறைந்த டிஎன்எஸ்ஸை நிறுத்திக்கொள்ளும். ஒரு பிரவுசர் கம்பெனி அடுத்தவர் வடிகட்டிக்கு விட்டுக்கொடுத்த மரியாதை என்று இதைச் சொல்லலாம். கூகுளும் ஒன்று செய்திருக்கிறது: அதன் தேடல் பெயர்களை 216.239.38.120 என்ற முகவரிக்குத் திருப்பினால் பாதுகாப்பான தேடல் கட்டாயமாகும். யூடியூபுக்கும் அப்படியே தனிப் பெயர்கள் உண்டு. முழுத் தளத்தை மூடாமல் உள்ளே நுணுக்கமாகத் தடுக்க வேறு எளிய வழி இன்று இல்லை, ஏனென்றால் இங்கே கத்தி தளத்துக்காரர் கையிலேயே இருக்கிறது.

ஆசிரியரின் கைபேசி ஹாட்ஸ்பாட்டை எந்த டிஎன்எஸ்ஸும் தடுக்காது. ஆண்ட்ராய்டு 9இலிருந்து வந்த தனி டிஎன்எஸ் வசதியையாவது ரவுட்டரில் போர்ட் 853ஐ அடைத்து நிறுத்தலாம். ஹாட்ஸ்பாட்டுக்கு லேபில் நிற்கும் மனிதர்தான் வழி, பெட்டி வாங்கிப் பயனில்லை.

யாருடைய பட்டியல் என்பதும் சின்ன விஷயமில்லை. கிளவுட்ஃப்ளேர் 2020 ஏப்ரல் 1இல் குடும்பங்களுக்கென 1.1.1.3ஐத் தொடங்கியபோது, பாலினச் சிறுபான்மையினருக்கான பல தளங்களை ஆபாசம் என்று தடுத்துவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டது. ஆங்கிலத் தளங்களுக்கே அந்த கதி. வெளிநாட்டில் தயாராகும் வகைப்பட்டியலுக்குத் தமிழ் பெரும்பாலும் "வகைப்படுத்தப்படாதது". அதை மூடினால் உள்ளூர்ப் பாடக்குறிப்புத் தளம் போய்விடும், திறந்தால் தமிழில் இருக்கும் குப்பை எல்லாம் வரும். தமிழ் தெரிந்த ஆட்கள் பராமரிக்கும் ஒரு துணைப் பட்டியல் மாநில அளவில் தேவை.

அதற்கான குழாய் ஏற்கெனவே இருக்கிறது. பால் விக்சியும் வெர்னன் ஷ்ரைவரும் 2010இல் பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளுக்காகக் கொண்டுவந்த ஆர்பிஇசட் முறையில், தடைப் பட்டியல் சாதாரண டிஎன்எஸ் கோப்பாகவே ஊருக்கு ஊர் பரவும். பைண்ட் மட்டுமின்றி அன்பவுண்ட், பவர்டிஎன்எஸ் போன்ற வேறு மென்பொருள்களும் அதைப் படிக்கும். யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாம். டான்ஃபிநெட்டோ மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டோ மாவட்டத்துக்கு ஒன்றாக இப்படிப் பதில் சொல்லும் சர்வர்களை வைத்தால், திண்டிவனம் கல்லூரியும் காணைப் பள்ளியும் தங்கள் ரவுட்டர் எந்தக் கம்பெனி என்று கவலைப்படாமல் அதைக் கேட்கலாம். ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை சில: ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல் பள்ளியிடம் இருக்க வேண்டும், மாட்டிவிட்டுப் போனவரிடம் இல்லை; சர்வர் எட்டாதபோது மூடுவதா திறப்பதா என்று எழுத்தில் இருக்க வேண்டும்; சுவர்ப் பெட்டியின் வைஃபை அணைந்திருக்கிறதா என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும்; தவறாகத் தடைபட்ட தளத்தை விடுவிக்க ஆசிரியர் கூப்பிட வேண்டிய எண்ணும், அதற்கான கெடுவும் இருக்க வேண்டும். 2012இல் நீதிமன்றம் தடுப்பதற்கு 48 மணி நேரம் கெடு வைத்தது. விடுவிப்பதற்கும் அதே 48 மணி நேரத்தை எழுதிக் கேட்கலாம்.